பிடிக்கும், பிடிக்காது, தெரியாது

செங்கல் அடுக்கிச் சுவர் கட்டப் பிடிக்குமா? புது மருந்து ஒன்றை உருவாக்க? நாடகம் எழுத? ஒருவருக்கு உடற்பயிற்சி சொல்லித்தர? துணிக்கடையை நிர்வகிக்க? படிவங்களில் எழுத்துப்பிழை பார்க்க?

இப்படி 60 கேள்விகள். கல்லூரி மாணவர் ஒருவர் திரையைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலைத் தொட்டுக்கொண்டே போகிறார். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடுகிறது. உடனே ஒரு பட்டியல் வந்து நிற்கிறது: உணவியல் வல்லுநர், கேட்பியல் வல்லுநர், நோய்ப்பரவல் ஆய்வாளர். இந்தப் பெயர்களில் ஒன்றுகூடக் கேள்விகளில் இல்லை. சிலவற்றை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்.

அவருடைய மதிப்பெண் அந்தக் கணினிக்குத் தெரியாது. குடும்ப நிலை தெரியாது. பிடிக்கும், பிடிக்காது, தெரியாது என்று சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு அது எப்படி வேலையைச் சொல்கிறது? கிளி ஜோசியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மகளோ மகனோ இப்படியொரு தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டும்போது பெற்றோர் மனதில் எழும் சந்தேகம் இது. நியாயமான சந்தேகம்.

போஸ்டன், 1908

வேலை தேடும் இளைஞருக்கு முறையாக வழிகாட்டலாம் என்ற எண்ணத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அமெரிக்காவின் போஸ்டன் நகரில், பிழைப்புத் தேடி வந்த குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த நார்த் எண்ட் பகுதியில், 1908 ஜனவரியில் ஃபிராங்க் பார்சன்ஸ் ஒரு தொழில் வழிகாட்டு நிலையத்தைத் தொடங்கினார். பொறியியலும் சட்டமும் படித்தவர், ஆசிரியராகவும் இருந்தவர். அவர் சொன்னது மூன்று படி: உன்னை அறிந்துகொள், வேலைகளை அறிந்துகொள், இரண்டையும் வைத்து நிதானமாக யோசி. அதே ஆண்டிலேயே அவர் இறந்துவிட்டார். அவருடைய புத்தகம் 1909-ல் வெளிவந்தது. இன்றைய தொழில் வழிகாட்டிகள் எல்லாம் அந்த மூன்று படியில்தான் ஏறி இறங்குகிறார்கள்.

முதல் படியில்தான் சிக்கல். உன்னை அறிந்துகொள் என்றால் எப்படி? பார்சன்ஸ் நீண்ட கேள்வித்தாளைக் கொடுத்தார், மணிக்கணக்கில் பேசினார். ஆனால் பதினெட்டு வயதில் உள்ளவரிடம் “நீ பொறியாளர் ஆக விரும்புகிறாயா?” என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் அவருடையதாக இருப்பதில்லை. மாமா சொன்னது, சினிமாவில் பார்த்தது, பக்கத்து வீட்டு அண்ணன் வாங்கும் சம்பளம் எல்லாம் சேர்ந்துதான் பதிலாக வருகிறது. அந்த வேலையில் காலை முதல் மாலை வரை என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

வேலையைப் பற்றிக் கேட்காதே

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் ஸ்ட்ராங். 1927-ல் அவர் வெளியிட்ட கேள்வித்தாள் இன்று நாம் ஆர்வ மதிப்பீடு என்று சொல்வதற்கு முக்கியமான மூதாதை. ஒருவருக்கு எவையெவை பிடிக்கும், பிடிக்காது என்பதைத் தொகுத்து அளக்கும் முறைக்குத்தான் இந்தப் பெயர். திறமையை அது அளப்பதில்லை.

ஸ்ட்ராங் செய்தது இதுதான். ஒரு தொழிலில் பல ஆண்டுகளாக நிலைத்திருப்பவர்களைத் தேடிப் பிடித்தார். அவர்களிடம் தொழிலைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. பாடங்கள், விளையாட்டுகள், பொழுதுபோக்குகள், பழகும் மனிதர்கள் என்று நூற்றுக்கணக்கான சின்னச்சின்ன விஷயங்களைப் பட்டியலிட்டு, பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்டார். அதே கேள்விகளைப் பல தொழில்களில் உள்ள பொதுவான ஆட்களிடமும் கேட்டார். பிறகு இரண்டு கூட்டங்களின் பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

விளக்கத்துக்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். கடிகாரத்தைப் பிரித்து மாட்டப் பிடிக்கும் என்று 100 பொறியாளர்களில் 60 பேர் சொல்கிறார்கள், பொதுவான ஆட்களில் 30 பேர்தான் சொல்கிறார்கள் என்றால், அந்தக் கேள்வி எதையோ பிடித்திருக்கிறது. அதற்கு “பிடிக்கும்” என்று சொல்பவருக்குப் பொறியாளர் கணக்கில் ஒரு புள்ளி ஏறும். சுற்றுலா போகப் பிடிக்கும் என்று இரண்டு கூட்டத்திலும் 80 பேர் சொன்னால்? அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடலாம். எல்லாருக்கும் பிடித்த ஒன்று யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை.

நம் பதில்களில் மறைந்திருக்கும் மனதை இந்தத் தாள் ஊடுருவிப் பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. உங்கள் ரசனை எந்தக் கூட்டத்தின் ரசனையோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று அது எண்ணிப் பார்க்கிறது, அவ்வளவுதான். பொறியாளருக்கு ஏன் அது பிடிக்கிறது என்று ஸ்ட்ராங் கேட்கவில்லை. ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தார். அந்த அடக்கம்தான் இந்த முறையின் பலம் என்று நான் கருதுகிறேன்.

ஆறு வகை

தொழிலுக்குத் தொழில் தனித்தனி அளவுகோல் வைத்தால் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். அதைச் சுருக்கியவர் ஜான் ஹாலண்ட். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் ஆட்களை நேர்காணல் செய்யும் பணியில் இருந்தார். ஆயிரம் பேர் வந்தாலும் அவர்களுடைய வேலை வரலாறு சில வகைகளுக்குள் அடங்கிவிடுவதை அங்கேதான் கவனித்தார். 1959-ல் அதை ஒரு கோட்பாடாக எழுதினார். பின்னாளில் அது ஆறு வகையாக நிலைபெற்றது. தமிழில் இப்படி வைத்துக்கொள்ளலாம்:

கருவியும் இயந்திரமும் மண்ணும் பிடித்தவர்கள் கைவினை வகை. ஏன், எப்படி என்று துருவுவது பிடித்தவர்கள் ஆய்வு வகை. புதிதாக ஒன்றை வடிப்பவர்கள் கலை வகை. கற்பிப்பதும் பேணுவதும் பிடித்தவர்கள் சேவை வகை. பேசி இணங்கவைப்பது, முன்னின்று நடத்துவது, விற்பது பிடித்தவர்கள் முனைவு வகை. கணக்கும் கோப்பும் ஒழுங்கும் பிடித்தவர்கள் ஒழுங்கு வகை.

யாரும் ஒரே வகை அல்ல. ஆறும் எல்லாரிடமும் இருக்கின்றன, அளவுதான் வேறு. இந்த ஆறையும் இதே வரிசையில் ஓர் அறுகோணத்தின் முனைகளில் வைத்தார்கள். அடுத்தடுத்த முனைகள் ஒன்றோடொன்று நெருங்கியவை. எதிரெதிர் முனைகள் விலகியவை. கைவினைக்கு எதிரே சேவை. ஆய்வுக்கு எதிரே முனைவு. கலைக்கு எதிரே ஒழுங்கு. கட்டாயமில்லை, கவிதை எழுதும் கணக்காளர்களும் உண்டு. கூட்டமாக எடுத்துப் பார்த்தால் போக்கு அப்படி இருக்கிறது.

ஒரு மாணவியின் 60 பதில்கள்

இப்போது கையோடு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்கத் தொழிலாளர் துறை ஓநெட் என்ற பெயரில் தொழில்களைப் பற்றிய பெரிய தரவுத்தொகுப்பை நடத்துகிறது. அதனோடு இணைந்த ஆர்வ மதிப்பீட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எழுதலாம். அதன் குறும்படிவத்தில் ஆறு வகைக்கும் பத்துப் பத்தாக 60 கேள்விகள். பதில் ஐந்து: மிகவும் பிடிக்காது, பிடிக்காது, தெரியாது, பிடிக்கும், மிகவும் பிடிக்கும். இவற்றுக்கு 0 முதல் 4 வரை புள்ளி. ஆக, ஒரு வகைக்கு அதிகபட்சம் 40. படிப்பு போதுமா, சம்பளம் எவ்வளவு என்பதையெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்லுங்கள் என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கும். நம்மவர்களுக்குக் கடினமான நிபந்தனை அது.

தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு வந்த புள்ளிகள்: ஆய்வு 31, சேவை 29, ஒழுங்கு 22, கலை 17, கைவினை 14, முனைவு 12.

தாளில் முதலிடம் ஆய்வு என்று வருகிறது. அவரும் தன்னை “ஆய்வு வகை” என்று சொல்லிக்கொள்ளத் தொடங்குகிறார். இங்கேதான் நிதானிக்க வேண்டும். அடுத்த வாரம் இதையே மறுபடி எழுதினால் என்ன ஆகும்? “புது மருந்தை உருவாக்க” என்பதற்கு இன்று மிகவும் பிடிக்கும் என்றவர் அன்று பிடிக்கும் என்று மட்டும் சொல்லலாம். இன்னொரு ஆய்வுக் கேள்வியிலும் ஒரு படி இறங்கலாம். இரண்டே பதிலில் ஒரு படி மாறினால் 31 என்பது 29 ஆகிவிடும், சேவையோடு சமன். அளவுகோலே இரண்டு மூன்று புள்ளி ஆடும்போது 31-க்கும் 29-க்கும் இடையே முன்பின் பார்ப்பது வீண். ஆய்வும் சேவையும் அவருக்கு இணை என்று வாசிப்பதே சரி. 29-க்கும் 12-க்கும் உள்ள இடைவெளி அப்படிப்பட்டதல்ல. ஒரு வார மனநிலை மாற்றம் அதை அழிக்காது. விற்பனையும் பேரமும் அவருக்கு இன்று ஈர்ப்பாக இல்லை என்பதை நம்பலாம்.

அடுத்தது கைவினை 14. தாளில் இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கோ அதிகம் சொல்லும் எண் இதுவாகத்தான் படுகிறது. இந்த 14 இரண்டு விதமாக வந்திருக்கலாம்.

ஒரு விதம்: வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்க, மின்னணுப் பாகங்களைப் பொருத்த, பூட்டு மாட்ட, மீன் பண்ணையில் மீன் வளர்க்க, இப்படி ஏழு கேள்விகளுக்குத் “தெரியாது”, மீதி மூன்றுக்கு மிகவும் பிடிக்காது. ஏழு இரண்டு பதினான்கு. இன்னொரு விதம்: நான்கு கேள்விகளுக்குப் பிடிக்கும், ஒன்றுக்குத் தெரியாது, மீதி ஐந்துக்கு மிகவும் பிடிக்காது. நான்கு மூன்று பன்னிரண்டு, அதோடு இரண்டு. அதுவும் 14-தான்.

இரண்டாவது ஆள் தன் ரசனையைத் தெளிவாக அறிந்தவர். மீன் வளர்ப்பு பிடிக்கும், லாரி ஓட்டப் பிடிக்காது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர். முதல் ஆள் இதுவரை ஒரு திருப்புளியைக்கூடக் கையில் எடுக்காதவராக இருக்கலாம். அவருக்குப் பிடிக்காது என்று இல்லை, வாய்ப்பே கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே 14-ஐ அச்சடித்துக் கொடுக்கிறது கணினி. மொத்தப் புள்ளியைப் பார்த்தால் இது தெரியாது. ஒவ்வொரு பதிலையும் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். மதிப்பீடு எழுதும் ஒவ்வொரு மாணவரும் தன் பதில்களைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பிறகு தொழில் பட்டியல். ஆய்வும் சேவையும் சேரும் இடத்தில் உணவியல், கேட்பியல், நோய்ப்பரவலியல் போன்றவை வருகின்றன. நோயாளியோடு பேசவும் வேண்டும், காரணத்தைத் துருவவும் வேண்டும் என்ற வேலைகள். அந்தப் பொருத்தம் அர்த்தமுள்ளது. ஆனால் இந்தப் பட்டியல் அமெரிக்கத் தொழில்களின் தரவிலிருந்து வருவது. இந்தியாவில் கேட்பியல் வல்லுநராகப் பணிபுரிய அதற்கென்றே தனிப்பட்டம் வேண்டும், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவும் வேண்டும் என்பதை அது சொல்லாது. தாவரவியல் முடித்தவருக்கு எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பதை அவரே விசாரிக்க வேண்டும். பார்சன்ஸின் இரண்டாவது படி இது. இதை எந்தக் கேள்வித்தாளும் நமக்காக ஏறித் தராது.

பிடிப்பதும் வருவதும்

பாட்டு மிகவும் பிடிக்கும்; சுருதி சேராது. இப்படிப்பட்டவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கணக்கு அநாயாசமாக வரும், ஆனால் அதன்மேல் ஈடுபாடே இல்லாதவர்களும் உண்டு. ஆர்வமும் திறனும் உறவுக்காரர்கள் என்றாலும் ஒருவர் அல்ல. ஸ்ட்ராங் இதற்கு ஒரு மோட்டார் படகைச் சொன்னார்: எவ்வளவு வேகம் என்பதை மோட்டார் தீர்மானிக்கிறது, எந்தத் திசை என்பதைச் சுக்கான் தீர்மானிக்கிறது. மோட்டார் திறன், சுக்கான் ஆர்வம்.

அதனால் சுக்கானைச் சோதித்த தாளை வைத்து மோட்டாரைப் பற்றி முடிவுகட்டக் கூடாது. பல கல்லூரிகளில் இரண்டாவது பகுதியாகத் திறன் மதிப்பீடும் தருகிறார்கள். அதில் இரண்டு ரகம். ஒன்று, “குழுவை வழிநடத்துவதில் நீங்கள் எவ்வளவு திறமைசாலி?” என்று நம்மிடமே கேட்பது. இன்னொன்று, நேரம் வைத்து ஒரு வேலையைச் செய்யச் சொல்லி அளப்பது. 1947-ல் அமெரிக்காவில் வந்த பகுப்புத் திறன் தேர்வுத் தொகுப்பு இரண்டாம் ரகம். சொல்லாற்றல், எண்ணாற்றல், உருவங்களை மனதில் திருப்பிப் பார்ப்பது, இயந்திர அறிவு, எழுத்துப்பணி வேகம் என்று தனித்தனியாக அளக்கும்.

முதல் ரகத்தை நான் அதிகம் நம்புவதில்லை. காரணம் இருக்கிறது. மனிதர்கள் தங்கள் திறமையைப் பற்றிச் சொல்வதும் அளந்து பார்த்தால் தெரிவதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஒத்துப்போகவே இல்லை என்றால் 0, அச்சு அசலாக ஒத்துப்போனால் 1 என்று வைத்துக்கொண்டால், 1982-ல் வந்த தொகுப்பில் சராசரி 0.29. 2014-ல் இன்னும் விரிவாகத் தொகுத்தபோதும் 0.29. சுயமதிப்பீடு முழுப்பொய் இல்லை. ஆனால் அதில் கூச்சமும் தன்னம்பிக்கையும் வளர்ப்பும் கலந்திருக்கின்றன. தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த மாணவர் “தகவல் தொடர்புத் திறன்” என்ற கட்டத்தில் தனக்கு இரண்டு புள்ளி போட்டுக்கொள்வதைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவதை அவர் பேசவே தெரியாததாக எண்ணிக்கொள்கிறார். அந்த இரண்டு அநியாயம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் கல்லூரிகளில் ஆப்டிட்யூட் டெஸ்ட் என்றால் வளாக நேர்காணலுக்கு முன் கம்பெனிக்காரர்கள் வைக்கும் சதவீதக் கணக்கும் ரயில் கணக்கும்தான். அது ஆளை வடிகட்ட வைப்பது, கம்பெனிக்குப் பயன்படுவது. உங்களுக்கு எது வரும் என்று உங்களுக்குச் சொல்வதற்காக உருவானது அல்ல. அதில் தோற்றவர் திறமையற்றவர் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

பெண்ணுக்கு ஏன் எப்போதும் சேவை?

ஸ்ட்ராங்கின் 1927 படிவம் ஆண்களுக்கானது. பெண்களுக்குத் தனிப்படிவம் 1933-ல் வந்தது. இரண்டும் ஒன்றானது 1974-ல்தான். அவ்வளவு காலம் இருவருக்கும் ஒரே கேள்வித்தாள்கூட இல்லை.

ஒன்றாக்கிய பிறகும் வேறுபாடு போகவில்லை. 2009-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சராசரியில் ஆண்கள் பொருள்களோடு வேலை செய்வதையும் பெண்கள் மனிதர்களோடு வேலை செய்வதையும் விரும்புவது தெரிந்தது; வேறுபாடு சிறியதல்ல. இதைப் பிறவிக் குணம் என்று எடுத்துக்கொள்பவர்களுக்கு முன்னால் சொன்ன அந்த ஏழு “தெரியாது”களை நினைவூட்டுவேன். மிக்சி ரிப்பேர் ஆனால் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள் என்ற வீட்டில் வளர்ந்த பெண், பழுதுபார்க்கப் பிடிக்குமா என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வாள்? ஆர்வம் பழக்கத்தில் முளைப்பது. பழகவே விடாத ஒன்றில் அது முளைக்கவில்லை என்று அளந்து காட்டுவதால் யாருக்கும் பயனில்லை. இதை உணர்ந்து, ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவில் விரும்பும் செயல்களை மட்டும் தேர்ந்து கேள்வித்தாள் தயாரித்தவர்களும் உண்டு. பெண்கள் கல்லூரிகளில் மதிப்பீடு நடத்துபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கிளிச் சீட்டு அல்ல என்று எப்படித் தெரியும்?

1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் “உங்கள் முடிவு” என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள்! கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து வாக்கியங்களை எடுத்துத் தொகுத்திருந்தார்.

ஆகவே “எனக்கு அப்படியே பொருந்துகிறது” என்ற உணர்வு சான்று ஆகாது. சோதிக்க எளிய வழி இருக்கிறது. உங்கள் தாளையும் தோழியின் தாளையும் பெயரை மறைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அவருடையதும் உங்களுக்கு அதே அளவு பொருந்துவதாகத் தோன்றினால் அந்தத் தேர்வுக்குக் கொடுத்த காசு வீண். ஒழுங்காக ஆய்வு செய்து உருவாக்கிய மதிப்பீடு ஆட்களைப் பிரித்துக் காட்டும். சிலவற்றைப் பிடிக்காது என்று துணிந்து சொல்லும். கைரேகையைப் படமெடுத்துப் பிள்ளையின் தொழிலைச் சொல்வதாக விளம்பரம் செய்பவர்களிடம் போகும் பெற்றோரை இந்த ஒரு சோதனையையாவது செய்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

எவ்வளவு நம்பலாம்?

இருபது வயது ரசனை நாற்பதில் நிற்குமா? பலரும் நினைப்பதைவிட அதிகமாகவே நிற்கிறது. 12 வயது முதல் 40 வயது வரை ஆட்களைத் தொடர்ந்து கவனித்த 66 ஆய்வுகளை 2005-ல் தொகுத்தார்கள். பள்ளி வயதில் ஆர்வங்கள் ஓரளவு ஆடுகின்றன. 18-லிருந்து 22-க்குள், அதாவது கல்லூரிக் காலத்தில், திடீரென்று உறுதிப்படுகின்றன. அதற்குப் பிறகு இருபது ஆண்டு அதிகம் மாறுவதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானித்துவிடத் துடிக்கும் நமக்கு இது முக்கியமான செய்தி.

ஆர்வத்துக்குப் பொருத்தமான வேலை கிடைத்துவிட்டால் மனநிறைவு நிச்சயமா? இல்லை. 2020-ல் வந்த பெருந்தொகுப்பின்படி, பொருத்தத்துக்கும் வேலையில் நிறைவுக்கும் உள்ள தொடர்பு, மேலே சொன்ன அதே 0 முதல் 1 அளவில், 0.19 மட்டுமே. சம்பளம், மேலதிகாரி, கூட வேலை செய்பவர்கள், போக்குவரத்து, வீட்டுச் சூழல் எல்லாம் மீதியில் இருக்கின்றன. எந்தப் படிப்பில் ஒருவர் பாதியில் விலகாமல் தொடர்வார் என்பதில் ஆர்வப் பொருத்தத்துக்குப் பங்கு உண்டு என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஒருவருடைய சந்தோஷத்துக்கு இந்தத் தாள் உத்தரவாதம் தராது. எங்கே தேடத் தொடங்கலாம் என்று மட்டும் சொல்லும்.

தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1-ம் தேதி தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்துக்குப் பிறகு திறன் பயிற்சி, தொழில் வழிகாட்டல் என்ற சொற்கள் சிற்றூர்க் கல்லூரிகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. நல்லது. ஆனால் மதிப்பீட்டை எழுதவைத்து அச்செடுத்துக் கொடுப்பதோடு கல்லூரி நின்றுவிடக் கூடாது. தாளை வைத்துக்கொண்டு மாணவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். பார்சன்ஸ் பேசினார், அவரிடம் கணினி இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தாளில் “தெரியாது” என்று நீங்கள் குறித்தவற்றை வட்டமிடுங்கள். அவற்றில் மூன்றை எடுத்துக்கொண்டு, அந்த வேலையைச் செய்பவரைத் தேடிப் போய், நேற்று காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு வாரம் கூட நின்று கையால் செய்து பாருங்கள். பிறகு அதே 60 கேள்விகளுக்கு மறுபடி பதில் எழுதுங்கள். இதையெல்லாம் இரண்டாம் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஐந்தாம் பருவத்தில் எழுதினால் செய்து பார்க்க விடுமுறை மிஞ்சாது.